பால் குடித்த கண்

அந்த வருஷம் பங்குனி வெயிலில் பாளையங்கோட்டைப் பக்கம் ஊர் பூராவும் கண்வலி வந்தது. வேம்படி முதியோர் இல்லத்தில் மட்டும் அது மனுஷருக்கு முன்னால் கேமராவுக்கு வந்தது. முதலில் ஒன்பதாம் நம்பர் அறையில், ஞானசௌந்தரி டீச்சரின் கட்டிலுக்கு நேர் மேலே, தலைமாட்டுச் சுவரில் இருந்த கேமராவின் ஓரத்தில் செவ்வரி ஓடியது, மறுநாள் கண்ணாடி முழுக்கச் செம்பருத்திப் பூவாகச் சிவந்தது, அதற்கும் மறுநாள் பீளை கட்டித் தண்ணீர் வடிந்து டீச்சரின் போர்வையில் சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்தது. பிறகு பக்கத்து அறை, எதிர் அறை, சாப்பாட்டுக் கூடம், நடைவழி, கேட் என்று ஒரு கேமரா மிச்சமில்லாமல் தொற்றிக்கொண்டது.

யாரும் அதை அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. "இமை இல்ல, உறக்கம் இல்ல, ராவும் பகலும் முழிச்சுக்கிட்டே கிடந்தா எந்தக் கண்ணுதான் தாங்கும்," என்றாள் மரகதம், இல்லத்தில் வெகுகாலமாக ஆயா வேலை பார்ப்பவள். சொன்ன கையோடு வேப்பங்கொத்து ஒடித்து வந்து ஒவ்வொரு கேமராவுக்குக் கீழேயும் செருகினாள். பெரியவர்கள் எல்லாரும் தங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று அண்ணாந்து பார்க்காமல் தலையைக் குனிந்தே நடந்தார்கள். ஏழாம் நம்பர் நம்பிராஜன், ரயில்வே கேட் கீப்பராக இருந்தவர், தன்னுடைய கூலிங் கிளாஸைத் தன் அறைக் கேமராவுக்கு மாட்டிவிட ஏணி கேட்டு அலைந்தார். வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் போனைத் திறந்து பார்த்தால் அப்பாவும் அம்மாவும் எரிகிற அடுப்புக்குள் உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தார்கள். கேமரா மாட்டிய காசிம் வந்து, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தார். கண் இன்னும் சிவந்தது. "எரியாதா அண்ணாச்சி அதுக்கு," என்று மரகதம் அவரை விரட்டினாள்.

இதையெல்லாம் கதவுப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் இசக்கி. அவளும் அங்கே ஆயாதான். வேலைக்கு வந்து சேர்ந்தபோது அவள் மகள் முகிலா குப்புற விழக்கூடத் தொடங்கவில்லை. பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருவாள். வெயில் ஏற ஏற நெஞ்சு கனக்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் எந்தப் பிள்ளையாவது அழுதால் போதும், ரவிக்கை நனைந்துவிடும். பீய்ச்சிவிடலாம் என்றால் எங்கே போய்ப் பீய்ச்ச? நடைவழியில் கண், அடுப்படியில் கண், துணி அடுக்குகிற அறையில் கண். கக்கூசுக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்று பீய்ச்சி ஊற்றிவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வருவாள். நாலு பேர் முன்னால் ஏறிட்டுப் பேச மாட்டாள். அவள் வாயிலிருந்து சத்தம் வந்து கேட்டவர்கள் அந்த இல்லத்தில் இல்லை.

அதற்காகக் கேமராவைக் கெட்டது என்றும் அவள் சொல்ல மாட்டாள். அது வருவதற்கு முன்னால் நம்பிராஜனின் கையில் நீலம் நீலமாகக் கிள்ளின அடையாளம் இருந்தது. கிள்ளியவன் யார் என்று அதுதான் காட்டிக்கொடுத்தது, அவனை அன்றைக்கே வெளியே அனுப்பினார்கள். டீச்சர் போன ஐப்பசி மழைக்காலத்தில் அறைக்குள் விழுந்ததும் அது வருவதற்கு முன்னால்தான். காலைச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துப் போனவர்கள் மதியச் சாப்பாட்டுத் தட்டோடு வரும்வரை டீச்சர் இடுப்பு முறிந்து தரையில் கிடந்தார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவர், விசில் ஊதினால் மைதானமே நிற்கும். "விசில் ஆணியில தொங்குச்சு, நான் தரையில கிடந்தேன்," என்று ஒரு தடவை இசக்கியிடம் சொன்னார், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கனடாவில் இருந்த அவருடைய ஒரே மகள் பிரிசில்லாதான் முதல் கேமராவை மாட்டச் சொன்னது. அதைப் பார்த்துத்தான் மற்றப் பெரியவர்களின் பிள்ளைகளும் மாட்டினார்கள்.

ஆனால் இப்போது டீச்சருக்கு முதுகில் புண் வந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் குளியலறைக்கு நடக்க முடியாது. கட்டிலிலேயே வைத்து, உடுப்பைக் கழற்றி, வெந்நீரில் துண்டை நனைத்துத் துடைத்து, புரட்டிப்போட்டு, முதுகைக் காற்றாடவிட்டு மருந்து தடவ வேண்டும். டீச்சர் கழற்ற விடமாட்டார். நைட்டியின் கழுத்தைக் கையால் இறுகப் பிடித்துக்கொள்வார்.

"எவன் எந்த ஊர்ல இருந்து பாக்கான்னு தெரியாம என்னால கிடக்க முடியாது."

"ஒங்க மக மட்டும்தான் பாப்பாவளாம் டீச்சர்."

"அவ பாத்தா மட்டும்? அவள நான் பெத்தேன். அவ என்னப் பெக்கல."

டாக்டர் வந்து நைட்டியின் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்துவிட்டு, புண் எலும்பைத் தொட்டுவிட்டால் அப்புறம் தான் வந்து பிரயோஜனமில்லை என்று சொல்லிப் போனார். இல்லத்து மேனேஜர் பென்னட் பிரிசில்லாவுக்குப் போன் போட்டு, துடைக்கிற நேரம் மட்டும் அணைத்து வைக்கட்டுமா என்று கேட்டார். ஒரு நிமிஷம் அணைத்தாலும் அம்மாவைச் சென்னையில் வேறு இல்லத்துக்கு மாற்றிவிடுவேன், அங்கே அறைக்கு மூன்று கேமரா என்று பதில் வந்தது. பென்னட் பயந்த மனுஷர். கேமரா மேல் துணி போடுகிறவர்களுக்கு மறுநாள் முதல் வேலை இல்லை என்று ஆயாக்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இசக்கி தினமும் வெந்நீர் கொண்டுபோவாள், அது ஆறிப்போனதும் திரும்பக் கொண்டுவருவாள்.

இப்படி இருக்கும்போதுதான் கண்வலி வந்தது. ஒருநாள் மத்தியானம் கேமராவிலிருந்து வடிந்த தண்ணீர் டீச்சரின் நெற்றியிலேயே விழுந்தது. இசக்கி அதைத் துடைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். பீளை அப்பி ஒட்டிப்போய், மூடிக்கொள்ளலாம் என்றால் மூட இமை இல்லாமல் அது கிடந்த கிடை, போன வாரம் முகிலா கண்வலியில் கிடந்த கிடையாகவே இருந்தது. பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு நெஞ்சு சுரந்துவிட்டது.

"என்னளா முந்தானையப் பொத்துத?" என்றார் டீச்சர்.

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"ஒண்ணுமில்லாமலா மொகம் இப்படிப் போகுது. பால் கட்டியிருக்கா?"

இசக்கி தரையைப் பார்த்தாள். தரையிடம் சொல்வது போலச் சொன்னாள். "எங்க பக்கம் கண்வலின்னா பால் குடுக்கிற பொம்பளையத் தேடிப் போவாவ. ரெண்டு சொட்டு வாங்கிக் கண்ணுல விட்டா கேட்டுரும். அதான் நெனச்சேன்."

டீச்சர் கேமராவைப் பார்த்தார். தன்னை உடுப்போடு அழுகவைத்துக்கொண்டிருக்கிற அதைத் திட்டப்போகிறார் என்றுதான் இசக்கி நினைத்தாள்.

"அதுவும் என்ன மாதிரித்தான். மாட்டின எடத்துலயே கிடக்கு," என்றார் டீச்சர். "விடுளா. நோவு யாருக்கு வந்தா என்ன."

"அது பாத்துக்கிட்டே இருக்கும்லா."

"நான் திரை பிடிக்கேன்."

வடம் இழுக்கும் போட்டிக்கு எத்தனையோ பிள்ளைகளைப் பழக்கிய கைகள். படுத்த படுக்கையிலேயே போர்வையின் இரண்டு முனைகளையும் பிடித்து, கை நடுங்காமல் உயர்த்தி நிறுத்தினார். அந்தத் திரைக்குப் பின்னால், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அந்த இல்லத்தில் முதல் தடவையாகக் கக்கூசுக்கு வெளியே, இசக்கி பாலைப் பீய்ச்சினாள். மருந்து கொடுக்கிற பாலாடையில் பிடித்து, முக்காலி போட்டு ஏறி, பஞ்சுத் திரியில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள். கண்ணாடி ஒரு தடவை சிலிர்த்தது. அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் கண் வெளுத்திருந்தது. கண்ணாடிக்கு மேலே மெல்லிசாக ஒரு இமை முளைத்து, அதன் ஓரத்தில் பிறந்த பிள்ளைக்கு இருக்குமே அந்த மாதிரி ரோமமும் விட்டிருந்தது. இசக்கி வழக்கம்போல வெந்நீர்ச் சட்டியை வைத்துவிட்டு, வழக்கம்போலக் கேட்டுப் பார்ப்போம் என்று நைட்டியின் முதல் பொத்தானில் கை வைத்தாள். மேலே இமை மெதுவாக இறங்கி மூடிக்கொண்டது. அவள் கையை எடுத்தாள், இமை திறந்தது. திரும்பவும் வைத்தாள், மூடியது. டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நைட்டியின் கழுத்தைப் பிடித்திருந்த கையை எடுத்துப் பக்கத்தில் போட்டார். அன்றைக்கு வெந்நீர் ஆறவில்லை. புண் உள்ளங்கை அகலம் இருந்தது. இசக்கி அதைக் கழுவினாள், துடைத்தாள், மருந்து வைத்தாள், காற்றாடவிட்டாள். அத்தனை நேரமும் மேலே இமை மூடியே இருந்தது.

"பால் குடிச்ச பிள்ளை, தாய் இருக்கிற எடத்துல கண்ண மூடாம என்ன செய்யும்," என்று மரகதம் சொன்னாள். அதற்குப் பிறகு இல்லத்தில் யாரும் வேறு காரணம் தேடவில்லை.

எங்கள் அறைக் கண்ணுக்கும் விடு என்று எல்லாரும் இசக்கியைக் கூப்பிட்டார்கள். ஒருத்தி பாலுக்கு எத்தனை கண், வீட்டில் முகிலாவும் குடிக்க வேண்டாமா? மரகதம் பின்பக்கத்து ஹவுசிங் போர்டு வீடுகளுக்குப் போய், கைப்பிள்ளைக்காரிகளைக் கூட்டி வந்தாள். பண்டிகைக்குக்கூட ஆள் வராத இல்லத்தில், இடுப்பில் பிள்ளையும் கையில் பாலாடையுமாகப் பெண்கள் அறை அறையாக ஏறி இறங்கினார்கள். அவர்கள் முக்காலியில் நிற்கும் நேரம் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து, செருப்பைக் கடித்து, யார் மடி காலியாக இருந்ததோ அதில் ஏறிக்கொண்டன.

கேட்டுக் கேமராவுக்கும் விடுவதா என்று கூடத்தில் பேச்சு வந்தபோது நம்பிராஜன் எழுந்து நின்றார். "கேட்டுக்கு எதுக்கய்யா இமை? நான் கேட்ல உறங்கியிருந்தா எத்தன பேரு போயிருப்பாவ." அது நியாயமாகப் பட்டது. கேட்டுக்கும் நடைவழிக்கும் கொத்தமல்லி அவித்த தண்ணீரை மட்டும் விட்டுக் கழுவினார்கள். அந்தக் கண்களும் குணமாயின, இமை மட்டும் முளைக்கவில்லை. அறைக்குள் இருந்தவை அந்தந்தக் கட்டிலுக்குத் தக்கபடி வளர்ந்தன. நம்பிராஜனின் அறைக் கண் அநேகமாக மூடவே மூடாது, அவருக்கு எந்நேரமும் மகன் பார்க்க வேண்டும், தலை சீவிப் பவுடர் போட்டு அதன் முன்னால் உட்காருவார். வேட்டி மாற்றும்போது மட்டும் ஒரு சிமிட்டு சிமிட்டும். நாலாம் நம்பரில் ஒரு அம்மாவுக்குத் தனியாக அழுகிற பழக்கம் இருந்தது. அவர் மூக்கை உறிஞ்சினாலே இமை இறங்கிவிடும். கண்ணுக்கே கண் பட்டுவிடும் என்று மரகதம் ஒவ்வொன்றின் பக்கத்திலும் சுவரில் மையால் ஒரு பொட்டு வைத்தாள்.

ஆனால் கனடாவில் பிரிசில்லாவுக்கு இதெல்லாம் இருட்டாகத்தான் தெரிந்தது. நன்றாக இருந்த படம் திடீரென்று கறுத்துப்போகும், கொஞ்ச நேரம் கழித்து வரும், அம்மா வேறு நைட்டியில் இருப்பார். பென்னட் இமையைப் பற்றிச் சொன்னபோது அவள் மறுத்து எதுவும் கேட்கவில்லை. "அப்ப அத வெட்டிருங்க," என்றாள்.

வெட்ட வந்த அன்றைக்கு டீச்சர் ஒருக்களித்துப் படுத்திருந்தார், முதுகு திறந்திருந்தது, புண்ணின் ஓரம் இளஞ்சிவப்பாகத் தோல் கட்ட ஆரம்பித்திருந்தது. இசக்கி மருந்தை விரலில் எடுக்கும்போது கதவு திறந்தது. முன்னால் பென்னட், கையில் போன், போனில் பிரிசில்லாவின் முகம். பின்னால் காசிம், கையில் பிளேடு. மேலே இமை மூடியிருந்தது. இசக்கி போர்வையை இழுத்து டீச்சரை மூடினாள்.

டீச்சர் திரும்பாமலே பேசினார். "பென்னட், கதவத் தட்டிட்டு வரணும்னு தெரியாதா ஒனக்கு? அந்த மெஷினுக்குத் தெரியுது."

பென்னட் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "மன்னிச்சிக்கிடுங்க டீச்சர். மக சொல்லுதாங்க. நான் என்ன செய்ய."

"அம்மா," என்றது போன். "அன்னைக்குத் திரும்பத் திரும்ப உங்களுக்குப் போன் அடிச்சேன். நீங்க தரையில கிடந்து அந்த ரிங் சத்தத்தக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கீங்க. இப்ப படம் இருட்டினா எனக்கு அந்த ரிங்தான்மா கேக்குது."

காசிம் முக்காலியைத் தேடினார். முக்காலி அங்கே இல்லை, தலைமாட்டுச் சுவரோரம் போய்விட்டிருந்தது, அதன் மேல் இசக்கி ஏறி நின்றுகொண்டிருந்தாள், கேமராவை முதுகால் மறைத்துக்கொண்டு, இரண்டு கையையும் சுவரில் ஊன்றிக்கொண்டு.

"எறங்குமா," என்றார் காசிம்.

"மாட்டேன் அண்ணாச்சி."

அவள் சத்தம் அவளுக்கே புதுசாக இருந்தது. முக்காலியை விட்டு இறங்கவில்லை.

"வேல போயிரும் இசக்கி," என்றார் பென்னட் சுவரிடம்.

"போகட்டும் சார். இதுக்கு நான் பால் குடுத்துருக்கேன். வெட்டணும்னா என்ன வெட்டிட்டு வெட்டுங்க."

காசிம் பிளேடைக் கீழே இறக்கினார். போனில் பிரிசில்லா, "என்ன நடக்கு அங்க, கேமராவக் காட்டுங்க," என்று சொன்னாள், பென்னட் போனைக் கேமராப் பக்கம் உயர்த்தினார், காசிம் அண்ணாந்தார், சத்தம் கேட்டு வந்த மரகதமும் வாசலில் நின்று அண்ணாந்தாள். கேமராவைப் பார்க்க அத்தனை பேர் இருந்தார்கள். டீச்சரை யாரும் பார்க்கவில்லை. டீச்சருக்கு ஆத்திரம் தாங்கவில்லை; அந்தப் பெண்ணைத் தனியாக நிற்கவிட்டுப் படுத்திருக்க அவரால் முடியவில்லை; போர்வையைச் சுற்றிக்கொண்டு, காலைத் தரையில் ஊன்றி, கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்தார், மழைக்காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக. போர்வையின் முனை காலில் சிக்கியது.

இசக்கியின் முதுகுக்குப் பின்னால், மூடிய கண் அழுதது.

பசித்த பிள்ளையின் அழுகை அது, வீல் என்று, மூச்சே விடாமல். அது காதுக்கு எட்டும் முன்னால் இசக்கிக்கு நெஞ்சில் எட்டியது. ரவிக்கை நனைந்தது, தலை தானாகக் கட்டில் பக்கம் திரும்பியது, முக்காலியிலிருந்து அவள் குதித்தது அவளுக்கே தெரியாது. சரிந்துகொண்டிருந்த டீச்சரின் கக்கத்தில் தோளைக் கொடுத்துத் தாங்கினாள், இரண்டு பேருமாக மண்டியிட்டு, மெல்ல மெல்லத் தரையில் உட்கார்ந்தார்கள். இடுப்பு தரையில் மோதவில்லை. பக்கத்து அறைக் கண்ணும் அழுதது, எதிர் அறைக் கண்ணும் அழுதது, இல்லம் முழுக்கப் பிள்ளை அழுகையாக எழுந்தது, பின்பக்கத்து வீடுகளில் இருந்த கைப்பிள்ளைக்காரிகள் அத்தனை பேரும் அடுப்பில் வைத்ததை வைத்தபடி விட்டுவிட்டு ஓடிவந்து கேட்டில் முட்டினார்கள்.

ஒன்பதாம் நம்பர் கண் திறந்திருந்தது. இருட்டிலிருந்து வெளிச்சம் வந்த படத்தில் பிரிசில்லா பார்த்தாள்: தரையில் தன் அம்மா, அம்மாவைச் சுற்றி ஒரு பெண்ணின் இரண்டு கைகள்.

"அம்மா, அடிபட்டுச்சா?"

"இல்ல பிரிசி," என்றார் டீச்சர் மூச்சு வாங்கியபடி. "நல்லா இருக்கேன்."

பிரிசில்லா அடுத்து இசக்கியிடம் கேட்டாள். "இசக்கி, அது எப்பவும் இப்படி அழுமா?"

இசக்கி போனை நேராகப் பார்த்தாள். ஆமாம் என்று சொன்னால் வெட்டுகிற பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"தெரியாதுக்கா. பச்சப்பிள்ள அது. அத நம்பி நாம இருக்கக்கூடாது. அது மூடியிருக்கிற நேரம் நாங்க ஒருத்தர் டீச்சர் பக்கத்துல இருக்கோம், நகர மாட்டோம். உள்ள வாரவங்க கதவத் தட்டிட்டு வரட்டும். நீங்களும் தட்டணும்க்கா. கேட்டுட்டுப் பாருங்க. வேண்டாம்னு டீச்சர் சொன்னா, கொஞ்ச நேரம் பொறுங்க."

காசிம் பிளேடைத் தாளில் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பென்னட் வெளியே போனார். போய், கதவைச் சாத்தி, தட்டி, டீச்சர் வரச் சொன்ன பிறகு உள்ளே வந்தார். வந்ததும் என்ன சொல்வது என்று தெரியாமல் தண்ணீர்ச் செம்பை எடுத்து நீட்டினார்.

சித்திரையில் டீச்சரின் புண் மூடியது. சென்னைப் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. வைகாசியிலிருந்து இசக்கி முகிலாவையும் கூட்டிக்கொண்டே வேலைக்கு வந்தாள். ஒரு மத்தியானம் ஒன்பதாம் நம்பர் அறையில், கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, சுவர்ப் பக்கம் திரும்பாமல், முந்தானையை இழுத்துப் போர்த்தாமல் அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது டீச்சரின் போன் அடித்தது.

"அம்மா, பாக்கலாமா?"

"இப்ப வேண்டாம் பிரிசி. இசக்கி பிள்ளைக்குப் பால் குடுக்கா."

"சரிம்மா."

அவள் போனை வைக்கவில்லை. டீச்சரும் வைக்கச் சொல்லாமல் அதைத் தலையணை மேல் போட்டார். மின்விசிறி சுற்றுகிற சத்தமும் பிள்ளை விழுங்குகிற சத்தமும் அது வழியாக அந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தன. மேலே இமை மூடியிருந்தது. கீழே பிள்ளை ஒவ்வொரு மிடறு விழுங்கும்போதும் அந்த இமையின் ரோமம் லேசாக அசைந்தது.